தோழி வேடத்துக்கு ஆள் இல்லை

இரவு பதினொன்று இருபது. மொன்றியலில் சென்ட் லோரன்ட், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் போகிற ஒரு தெரு. பகல் முழுக்க லொறி. இரவில்... ஒரு நாய்கூட இல்லை. அந்தத் தெருவில் றூபன் தனியாக நடந்துகொண்டிருக்கிறான்.

றூபன் வேறு யாருமில்லை, நம்முடைய ஜெனாட்டின் தம்பி. விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும்போது பழத்தட்டு வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறாளே, அந்த ஜெனாட்தான். இன்றைக்கு அவள் லீவு. அவள் இங்கே இருந்திருந்தால் இந்தக் கதையை நான் எடுத்திருக்கவே மாட்டேன். நாளைக்கு யாராவது போய் அவளிடம் கேட்டீர்களோ, பிறகு என்னோடு கதைக்க வேண்டாம்.

விமானம் எல்லாம் ரத்து. பஸ்ஸும் இல்லை. டோர்வல் விமான நிலையத்தில், இந்தச் சாப்பாட்டு அறையில், விடியுமட்டும் நாம் ஆளையாள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கதிரையைக் கிட்ட இழுங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்... குளிர் வருகிறது.

அன்றைக்கும் இதே உறைமழைதான். தை மாதம். விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடுகிற மழை. றூபன் வேலை முடிந்து, ஒரு கார்ப்பெட் கிட்டங்கிக்குப் போகிறான். அங்கே கூத்து ஒத்திகை. இருபது நிமிட நடை. வழுக்கிவிடும் என்று ஒவ்வொரு அடியாக வைத்து நடக்கிறான்.

பின்னால் ஒரு சத்தம்.

சளக்... சளக்...

சப்பாத்து இல்லாத ஈரக்கால். ஐஸின் மேல் சப்பாத்து நடந்தால் கறுக் என்று கேட்கும். இது சளக். றூபன் நின்றால் அதுவும் நிற்கிறது. திரும்பிப் பார்த்தான். மூன்று விளக்குக் கம்பம் தள்ளி ஒரு பெண். சிவப்பு அங்கி. தலையில் கிரீடம். முகத்தின் மேல் வெள்ளைத் துணி. கூத்தில் அரசி போடுகிற அதே உடுப்பு. அவனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த மழைக்குள் உடுப்போடு வெளியே வந்து நனைக்கிறார்களே என்று.

"கத்தரின் அக்காவோ?" என்று கேட்டான்.

மணம் மட்டும் வந்தது. கரையில் ஒதுங்கி அழுகின சாதாழை என்கிற கடற்பாசியின் மணம். மன்னாரில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது மொன்றியல். கடலுக்கு எத்தனையோ நூறு கிலோமீற்றர்.

விறுவிறென்று போய்க் கிட்டங்கிக் கதவைத் தள்ளினான். உள்ளே மூன்று அரசிகளும் இருந்தார்கள். கத்தரின் அக்கா ஹீற்றருக்கு முன்னால் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அஞ்சலீனா அன்ரி முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். ஜென்சி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஒரு கூத்துக்கு மூன்று அரசி ஏன் என்று கேட்பீர்கள். அதில்தான் வினையே தொடங்கியது.

எங்கள் தேவாலயப் பங்கின் வெள்ளிவிழாவுக்கு நாட்டுக்கூத்து போடுவதென்று முடிவானது. கூத்தை எழுதிப் பழக்குகிற அண்ணாவியார் நீக்கிலாப்பிள்ளை. எழுபத்திரண்டு வயது, பிடிவாதத்துக்கு மட்டும் இருபது வயது. உரோமாபுரியின் நீரோ மன்னன் யேசுவின் சீடர் இராயப்பரைக் கொன்ற கதையை எழுத உட்கார்ந்தவர், நீரோவின் தாயிடம் போய் மாட்டிக்கொண்டார். அவள் பெயர் அக்கிரிப்பீனா. லேசுப்பட்ட மனுசி இல்லை. பேரரசனாக இருந்த தன் சொந்தச் சித்தப்பனையே கட்டினாள். அவனுக்கு ஒரு மகன் இருக்க, தான் பெற்ற மகனை வாரிசாக்கினாள். பிறகு புருசனுக்குக் காளான் கறி வைத்துக் கொடுத்தாள். அவன் எழும்பவில்லை. பதினாறு வயது மகன் சிம்மாசனத்தில் ஏறினான். சபை கூடும்போது இவள் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். கடைசியில் அந்த மகனே ஆள் வைத்து இவளைக் கொன்றான்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் பங்கில் ஒருவருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. பங்குச் சபைத் தலைவர் டனிஸ்ரன், அஞ்சலீனா அன்ரியின் மகன். சபைக் கூட்டம் நடக்கும்போது அன்ரி மண்டபத்துக் குசினிக்குள் பலகாரம் அடுக்குவார். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு சின்ன யன்னல். டனிஸ்ரன் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் அந்த யன்னலைப் பார்ப்பான். உள்ளே தட்டுச் சத்தம் தொடர்ந்தால் ஓம். தட்டுச் சத்தம் நின்றால் இல்லை. சுவாமியாருக்கே இது தெரியும்.

அரசி வேடம் தனக்குத்தான் என்று அன்ரி சொல்லிவிட்டார். பாடகர் குழுவை நடத்துகிற கத்தரின் அக்கா, இல்லை, தனக்கு என்றார். அண்ணாவியாருக்கோ ஜென்சியின் குரல்தான் வேண்டும். ஜென்சிக்கு இருபத்துமூன்று வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு டெப்பனரில், அதுதான் மூலைக் கடையில், வேலைக்கு நிற்கிறாள். றூபனுக்கு நிச்சயம் பண்ணின பெட்டை. ஆடியில் கலியாணம். இரண்டு கிழமை இழுபட்டபிறகு அண்ணாவியார் ஊர் வழக்கத்தை எடுத்தார். ஊரில் ஒரே பாத்திரத்தை இரண்டு மூன்று பேர் ஆடுவார்கள். விடிய விடியக் கூத்து, ஒரு தொண்டை தாங்காது. இங்கே கூத்து இரண்டரை மணித்தியாலம்தான். ஆனாலும் பிரித்தார். ஜென்சி முன் அரசி. கத்தரின் நடு அரசி. அஞ்சலீனா பின் அரசி. மூன்று பேருக்கும் ஒரே உடுப்பு, ஒரே கிரீடம், ஒரே முகத்துணி.

ஆளுக்கொரு தனிமொழி. மேடையில் ஒற்றையாக நின்று தன் மனதைத் தானே சொல்வது. முன் அரசி, "மகனே, நீ நடக்கப் பழகுமுன் உனக்கு ஆசனம் செய்தேன்" என்று தொடங்குவாள். நடு அரசி, "நான் வாய் திறக்கவில்லை, என் மகனின் வாயால் உரோமாபுரியோடு பேசினேன்" என்பாள். பின் அரசி கொலைகாரர் வரும் காலடியைக் கேட்டுக்கொண்டே, "எந்த வயிறு அவனைச் சுமந்ததோ, அந்த வயிற்றிலேயே குத்துங்கள்" என்று முடிப்பாள். அஞ்சலீனா அன்ரி அதைச் சொல்லும்போது கிட்டங்கிக் காவலாளி, தமிழ் ஒரு சொல் தெரியாதவன், எழும்பி நின்றுவிட்டானாம். எனக்கு அந்த மனுசியில் இன்றைக்கும் ஆத்திரம் இருக்கிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், நடிக்கத் தெரிந்தவர்.

இனித்தான் கவனமாகக் கேளுங்கள்.

அரசியைக் கொல்ல மகன் முதலில் செய்தது படகு. நடுக்கடலில் கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு படகு. கூரை விழுந்தது, அரசி சாகவில்லை. கடலில் விழுந்தாள். கூடவே அவளுடைய தோழியும் விழுந்தாள். இருட்டு. ஆரை ஆர் என்று தெரியாது. அந்தத் தோழி, "நானே அரசி, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கத்தினாள். அரசியைக் காப்பாற்றக் கத்தினாளோ, தன்னைக் காப்பாற்றக் கத்தினாளோ... தெரியாது. படகுக்காரர் துடுப்பாலேயே அவளை அடித்துக் கொன்றார்கள். அரசி ஒரு சத்தமும் போடாமல் நீந்திப் போய்க் கரையேறினாள்.

அந்தத் தோழி வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

அரசிக்கு மூன்று பேர் நின்ற பங்கில், தோழிக்கு ஒரு ஆள் இல்லை. அண்ணாவியார் வீடுவீடாகக் கேட்டார். விமான நிலையத்தில் கழிவறை கழுவுகிற ஒரு பிள்ளை முகத்துக்கு நேரே சொன்னாளாம், "நாள் முழுக்க அதைத்தானே செய்யிறன், மேடையிலயும் வேணுமோ?" என்று. சரியான கேள்விதான். கடைசியில் அஞ்சலீனா அன்ரி, "அவளை வெட்டிவிடுங்கோ அண்ணாவியார். ஒரு வரிதானே. அவள் இல்லாட்டி ஆருக்கு என்ன குறை?" என்றார். அண்ணாவியார் பேனையால் ஒரு கோடு கீறினார்.

அதற்குப் பிறகு படகுக் காட்சியில் எப்போதும் ஒரு இடைவெளி விழுந்தது. கூரைத் துணி விழும். மத்தளக்கார ஜெராட் அடிப்பதை நிறுத்துவான். அடுத்த பாட்டுத் தொடங்க முன்னம், சரியாக ஒரு வரி சொல்லுகிற நேரம், எல்லோரும் சும்மா நிற்பார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் அண்ணாவியார் சத்தம் போட்டார். "ஆரது பின்னுக்கு நிண்டு முணுமுணுக்கிறது?" பின்னால் கார்ப்பெட் சுருள்தான் இருந்தது. இன்னொன்று. கம்பியில் கொழுவியிருக்கும் மூன்று அங்கியில் ஒன்று ஒவ்வொரு நாளும் நனைந்திருக்கும். பிழிந்தால் உப்புத் தண்ணீர். கூரை ஒழுகுது என்று சொல்லிக்கொண்டார்கள். கூரை ஒழுகினால் உப்புக் கரிக்குமா?

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன்.

அன்றைக்கு வெள்ளுடுப்பு. அரங்கேற்றத்துக்கு முன்னம் முழு உடுப்போடு முழுக் கூத்தையும் ஒருதரம் ஆடிப்பார்ப்பது. றூபன் படகுக்காரரின் தலைவன். அவனும் இன்னும் இரண்டு பேரும் துடுப்புப் பிடிக்க வேண்டும். துடுப்பு மூன்றும் நிஜத் துடுப்பு. கார்ட்போர்டில் வெட்டுவம் என்று சொன்னதற்கு அண்ணாவியார், "கட்டையின்ர சத்தம் வேணும்" என்று பிடிவாதமாக நின்று வாங்குவித்தவர். துடுப்பை நிலத்தில் மூன்று தரம் அடிப்பதுதான் அவர்கள் வேலை. அலைச் சத்தத்துக்கு.

றூபன் தெருவில் கண்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்று ஜெனாட் இப்போதும் அழுவாள்.

கார்ப்பெட் சுருள்களை அடுக்கி அதுதான் படகு. மூன்று அரசிகளும் அதில் ஒன்றாக நின்றார்கள். ஒரே மனுசியின் மூன்று வயதும் ஒரே படகில் சாக வேண்டும் என்பது அண்ணாவியாரின் யோசனை. தாளம் சரிபார்க்க என்று ஜெராட் வழக்கம்போலத் தன் போனைப் பதிவில் போட்டு மத்தளத்துக்குப் பக்கத்தில் வைத்தான். நேரம் பன்னிரண்டரை. கூரைத் துணியை இழுத்தார்கள். அது விழவும்... கரண்ட் போய்விட்டது.

ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. வெளியே கம்பிகள் ஐஸ் பாரத்தில் அறுகிற சத்தம். டிங்... டிங்...

"நிப்பாட்டாதேங்கோ," என்றார் அண்ணாவியார். "வெள்ளுடுப்பு நடுவில நிக்கப்படாது. மங்களம் பாடித்தான் முடிக்கோணும்."

அந்த இடைவெளி வந்தது. ஒரு வரி நேரம். எல்லோரும் சும்மா நின்றார்கள். சாதாழை மணம் குப்பென்று ஏறியது. இருட்டுக்குள் ஒரு பெண் குரல். தொண்டைக்குள் தண்ணீர் நிற்கிற குரல்.

"ஆர் அரசி?"

றூபனின் கை தானாக உயர்ந்தது. அவன் உயர்த்தவில்லை. தோள்மூட்டு நொந்தது, யாரோ முறுக்கித் தூக்குகிற நோ. பக்கத்தில் மற்ற இரண்டு துடுப்பும் எழும்புகிற சத்தம் கேட்டது.

"ஆர் அரசி?"

"நான் இல்லை," என்றார் கத்தரின் அக்கா. இரண்டு கிழமை அந்த வேடத்துக்குச் சண்டை பிடித்தவர். "யேசுவே... நான் இல்லை."

மூன்றாம் தரம் கேட்டது. மிகக் கிட்ட. மூச்சு றூபனின் கன்னத்தில் குளிர்ந்தது.

"ஆர் அரசி?"

அஞ்சலீனா அன்ரியின் குரல்தான். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, போனில் பதிந்திருக்கிறது. "இவள்தான்," என்றார். "முன் அரசி இவள்தான்." ஜென்சியின் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளியது. சுருளிலிருந்து அவள் குப்புற விழுந்தாள்.

துடுப்பு இறங்கியது.

முதல் அடி காறை எலும்பில். காய்ந்த விறகு முறிகிற சத்தம். ஜென்சி அலறினாள். அந்த அலறலில் றூபனுக்குத் தெரிந்துவிட்டது, தான் அடிப்பது யாரை என்று. "நிப்பாட்டுங்கோ, என்ர கையை ஆரும் பிடியுங்கோ," என்று கத்தினான். வாய் கத்தியது. கை இறங்கியது. இரண்டாவது அடி முழங்கையில். அதுவும் முறிந்தது. மூன்றாவது...

மூன்றாவது அடி வேறு எதிலோ விழுந்தது.

நனைந்த மெத்தையில் அடித்த மாதிரி இருந்தது என்றான் றூபன். பெரிய உடம்பு. ஈரம். நடுவே ஒரு பெண் வந்து குறுக்கே படுத்துவிட்ட மாதிரி. கைகள் நிற்கவில்லை. மூன்று துடுப்பும் மாறிமாறி விழுந்தன. ஜெராட்டின் கையும் நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மத்தளத்தில் ஒரு அடி. அழுதுகொண்டே அடித்தானாம். றூபனின் முகத்தில் சூடாக ஏதோ தெறித்தது. உதட்டில் உப்பு. நிலத்தில் சின்னச் சின்னக் கல் சிதறுகிற மாதிரிச் சத்தம். பல். முதுகெலும்பு முறிவது கைப்பிடி வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகு மண்டை. அதற்குப் பிறகு அடிக்கிற இடமெல்லாம் மெதுமையாக இருந்தது. அவன் வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே அடித்தான்.

கரண்ட் வந்தது.

துடுப்புகள் விழுந்தன. நிலத்தில் ஜென்சி மட்டும் கிடந்தாள். அவளைச் சுற்றித் தண்ணீர், கணுக்கால் நனைகிற அளவு. இரத்தம் இல்லை, பல் இல்லை, வேறு ஒருவரும் இல்லை. றூபனின் துடுப்பு நுனியிலிருந்து பிடிவரை பிளந்திருந்தது. அஞ்சலீனா அன்ரி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். ஒருவரும் மங்களம் பாடவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. இருட்டில் நடந்த விபத்து என்று எழுதினார்கள். இருட்டில் மூன்று ஆண்கள் துடுப்போடு நின்றால் வேறு என்ன எழுதுவது? பிறகு ஒருநாள் ஜெனாட்டும் றூபனும் அந்தப் பதிவைப் போட்டு எண்ணினார்கள். அறுபது அடி. மூன்று ஆம்பிளைகள் வீசின அறுபது அடி. ஆனால் ஜென்சியில் இருந்தது இரண்டு முறிவு. காறை எலும்பு ஒன்று, முழங்கை ஒன்று. மற்றபடி ஒரு கண்டல் காயம்கூட இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், "அதிர்ஷ்டக்காரி" என்று பிரெஞ்சில் சொன்னாராம்.

கூத்து நடக்கவில்லை. அண்ணாவியார் ஏட்டை எரித்துவிட்டார். அஞ்சலீனா அன்ரி தான் தள்ளவில்லை என்று சுவாமியாருக்கு முன்னால் சத்தியம் செய்தார். பதிவில் இருப்பது தன் குரல் இல்லையாம். சபைக் கூட்டம் இன்றைக்கும் நடக்கிறது. குசினிக்குள் தட்டுச் சத்தமும் கேட்கிறது. வெட்கமில்லாத மனுசி.

கலியாணம் ஆடியில் நடந்தது. றூபன் கட்ட மாட்டேன் என்றான், ஜென்சிதான் கலியாணத்தை நிப்பாட்ட வேண்டாம் என்றாள். அவனை அவள் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. அவளால் நித்திரை கொள்ள முடியாமல் இருந்தது வேறொன்றால். கலியாணத்துக்கு முதல் நாள் தலைக்குப் பூக் குத்துகிறபோது ஜெனாட்டுக்கு அதைச் சொன்னாள். ஜெனாட் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன்.

"அவ எனக்கு மேல படுத்திருந்தவ, அக்கா. ஐஸ் மாதிரிக் குளிர். ஒவ்வொரு அடி விழேக்கயும் என்ர காதுக்குள்ள மெல்லமாச் சொல்லிக்கொண்டிருந்தவ. நானே அரசி... நானே அரசி... எண்டு. பேந்து பல்லுக் கொட்டுண்டுது. சொன்னவ. தாடை உடைஞ்சுது. எண்டாலும் சொன்னவ. கடைசியில முகமே இல்லை. அந்த முகம் இல்லாத இடத்தால சொன்னவ."

ஜெனாட் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ என்னடி செய்தனீ?" என்று கேட்டாளாம்.

"நானும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை, அக்கா. எழும்பிப் போங்கோ எண்டு சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் இருந்தது. அவவின்ர அங்கியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு, எனக்கு மேல இழுத்து வைச்சிருந்தனான்... முறிஞ்ச கையாலயும்."